மரக்கால் ஐந்து, அளவு ஐந்து: கடலூர் எல்லையோரம் ஒரு கிராமத்துக் காட்சியகம்

என்னிடம் பல வருடம் செயின்மேனாக இருந்தவர் போன மாசியில் போன் செய்தார். "சார், எங்க அக்கா ஊர்ல பசங்க மியூசியம் வெச்சிருக்காங்க. நம்ம செயினை மாட்டுச் சங்கிலின்னு எழுதி மாட்டி வெச்சிருக்காங்க சார்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கும் தொற்றிக்கொண்டது. முப்பத்தொரு வருடம் நில அளவையில் இருந்தவன் நான். அந்தச் சங்கிலியை வெயிலில் இழுத்து இழுத்து அவர் கையில் காய்ப்பு விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டேன். இதுவரை நான்கு முறை போய்விட்டேன். பார்த்ததை எழுதுகிறேன்.

கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரி வண்டியில் ஏறி, மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை கடந்து தென்பெண்ணைப் பாலம் தாண்டியதும் இறங்கி, மேற்கே திரும்பும் சாலையில் போக வேண்டும். ஷேர் ஆட்டோ கிடைக்கும். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அங்கிருக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். ஒரே ஒரு பூட்டுதான் காவல், பித்தளைச் சாமான் வேறு இருக்கிறது. பாகூர் பக்கம் போகும் வழியில் டீக்கடையில் "பழைய சாமான் வெச்சிருக்கிற டிவி ரூம் எங்கே" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

டிவி ரூம் என்றால் நிஜமாகவே டிவி ரூம். ஊராட்சிகள்தோறும் ஒரு காலத்தில் பொதுத் தொலைக்காட்சிக்கென்று ஓர் அறை கட்டிவைத்தார்களே, அதுதான். வீட்டுக்கு வீடு பெட்டி வந்தபின் பூட்டிக் கிடந்ததை ஊர்ப் பிள்ளைகள் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று இறக்கியிருக்கிறார்கள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், கல்லூரியில் படிக்கும் பெண்கள் மூன்று பேர், பால் கறவைக்குப் போய்வரும் பையன் ஒருவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறந்து ஒரு மணிக்குச் சாத்துகிறார்கள். மற்ற நாளில் வந்தால் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சாவி இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை, வாசலில் ஓர் உண்டியல் மட்டும்.

முதலில் என் சங்கிலியைத் தேடினேன். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே அட்டை: "மாடு கட்டும் சங்கிலி." நான் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, தரையில் விரித்துக் காட்டினேன். மொத்தம் 66 அடி. நூறு கண்ணி, கண்ணிக்கு 7.92 அங்குலம். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். முதல் பத்தில் ஒரு பல், இருபதில் இரண்டு பல், முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு. நடுவில், ஐம்பதில் வட்ட வில்லை. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினாலே எத்தனையாவது கண்ணி என்று விரல் சொல்லிவிடும், அதற்குத்தான் அந்தப் பற்கள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இன்றைக்கு வீட்டு மனை வாங்குகிற ஒவ்வொருவரும் வாயில் உருட்டுகிற சென்ட், இந்தக் கண்ணியிலிருந்து வந்தது.

அந்தத் தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நோட்டை எடுத்து, "சார், நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். மறு ஞாயிறு போனபோது அட்டை மாறியிருந்தது. அதில் என் பெயருக்கு மேலே செயின்மேன் பெயரை எழுதியிருந்தார்கள். தப்பைச் சொன்னவர் அவர்தானே! அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துப்போனது. சங்கிலியில் இரண்டு வில்லை குறைகிறது. எங்கேயாவது கிடைத்தால் வாங்கிப் போட வேண்டும்.

அந்த அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் பழைய பொருள் சேகரித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மி, திருகை, குந்தாணி, கவலைச் சால், முறம் என்று அடுக்கி, "நம் முன்னோர் பயன்படுத்தியவை" என்று ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் மனதில் நிற்காது. இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் கீழே நான்கு வரி: எந்தத் தெரு, எந்த வீடு, எந்தக் கழனியில் அல்லது எந்தக் கொல்லையில் புழங்கியது, கடைசியாக எப்போது எடுத்து வேலை செய்தார்கள். கழனிக்குப் புல எண்ணே போட்டிருக்கிறார்கள்! கவலைச் சாலுக்குப் பக்கத்தில், அது தண்ணீர் இறைத்த கிணற்றின் இன்றைய புகைப்படம், பம்புசெட்டு வந்த வருடம், இறைத்தவர் பெயர். மல்லாட்டைக் காய் (நிலக்கடலை) ஆயும் ஒரு பழைய முக்காலிக்குக்கூட முகவரி இருக்கிறது. எல்லைக் கல் தன் இடத்தில் நின்றால்தான் கல். பிடுங்கி வாசலில் போட்டுவிட்டால் துணி துவைக்கத்தான் ஆகும். பொருளும் அப்படித்தான் என்பதை இந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

அடுத்து மரக்கால்கள். ஐந்து இருக்கின்றன, ஐந்தும் ஊரில் வெவ்வேறு காலத்தில் நெல் அளந்தவை. பித்தளைப் பூண் போட்டவை இரண்டு, அவை ஒரே வீட்டுப் பொருள்கள். பக்கத்தில் ஒரு சாக்கில் நெல், ஒரு படி. நீங்களே அளந்து பார்க்கலாம். நான் மாட்டேன் என்று சொல்வேனா? தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தேன். தலை தட்டிப் பார்த்தால் ஐந்தும் ஐந்து அளவு. ஒன்றில் எட்டுப் படி பிடிக்கிறது, இன்னொன்றில் எட்டரை. ஊருக்கு ஊர் அளவு மாறுவது எனக்குத் தெரியும். ஒரே ஊருக்குள், தெருவுக்குத் தெரு மாறியிருப்பதை அன்றுதான் கையால் தொட்டேன். பூண் போட்ட இரண்டும்தான் என்னை உட்காரவைத்தன. வெளியே உயரம், வாயகலம் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்று. ஒன்றில் எட்டுப் படி, மற்றதில் ஏழேகால். டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஆழம் முக்கால் அங்குலத்துக்கு மேல் குறைந்தது. அடியைத் தூக்கி அடித்திருக்கிறார்கள். அட்டையில் "ஒரே வீட்டு மரக்கால்கள், அளவு வேறு" என்று மட்டும் இருந்தது. அதைக் கொடுத்த வீட்டுப் பேரன் அன்று அங்கேதான் இருந்தார். "ஏன்னு எங்க அப்பாவுக்கும் தெரியாது சார், தச்சர் மாறியிருப்பாருன்னு சொல்வாரு" என்றார். இதற்குப் பதில் பிறகு கிடைத்தது. கடைசியில் சொல்கிறேன்.

கொட்டகைக்கு வெளியே மண் தரையில் சுண்ணாம்புத் தூளால் இரண்டு சதுரம் போட்டிருக்கிறார்கள். இந்தக் காட்சியகத்தில் என் மனதுக்கு மிக நெருங்கிய இடம் இதுதான். ஒன்று குழி, ஒன்று சென்ட். குழி, பக்கத்துக்கு 24 அடி. 24 அடிக் கோலால் ஒரு சதுரம், ஆக 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். சென்ட், பக்கத்துக்கு 20 அடி 10 அங்குலத்துக்குச் சற்றுக் கூட, 435.6 சதுர அடி. இந்த ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் புதுச்சேரி எல்லை. இந்தப் பக்கம் நிலம் வாங்கினால் சென்ட், வரப்பைத் தாண்டி வாங்கினால் குழி. இந்தப் பக்கம் பத்திரத்தில் புல எண், அந்தப் பக்கம் கதாஸ்தர் எண், அதாவது பிரெஞ்சுக்காரர் முறைப்படியான நிலப் பதிவு எண். அண்ணனுக்கு ஒன்றில் பங்கு, தம்பிக்கு மற்றதில் பங்கு என்று பாகம் பிரித்த குடும்பங்கள் எத்தனை எத்தனை! "அவனுக்கு நூறு, எனக்கு நூறா" என்று அளவு புரியாமல் மனம் கசந்தவர்களுக்கு நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறேன். இங்கே பிள்ளைகள் இரண்டு சதுரத்திலும் மாறி மாறிக் குதிக்கிறார்கள். எது பெரியது என்று ஐந்து வயதுக் குழந்தை சொல்லிவிடுகிறது. என் பேத்தி வீட்டுக்கு வந்து எங்கள் மாடியை அளந்து எத்தனை குழி என்று சொன்னாள்.

அந்தச் சதுரங்களுக்கு நேர் எதிர்ச் சுவரில் கையால் வரைந்த எல்லைப் படம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எல்லை எப்படித் துண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கிறது என்பதை இரண்டு நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு குடும்பத்தின் இரண்டு பத்திரங்கள்: ஒன்று பிரெஞ்சு முத்திரைத்தாளில், ஒன்று பிரிட்டிஷ் முத்திரைத்தாளில். இரண்டிலும் ஒரே தாத்தாவின் கைநாட்டு. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்ததையும், நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியதையும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16 வரை இழுத்ததையும் சுருக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்த அளவு கிடைக்கும். இங்கே கிடைப்பது அதற்கு மேல். ஒரு பழைய செல்போனில் ஹெட்போன் மாட்டி, ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசியதைப் பதிந்துவைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் சுங்கக்காரர் கண்ணில் படாமல் வரப்பு வழியாக அத்தை வீட்டுக்குப் போய்வந்ததைச் சொல்கிறார். எல்லை எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "தெக்கால இருந்து வர்ற நாய் அங்க வந்ததும் நின்னுடும்டா, அங்க இருக்கிற நாய்ங்க விடாது" என்கிறார். மூன்று முறை கேட்டேன். அதே செல்போனில் நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் இருக்கின்றன. பாடியவர்கள் பெயர், வயது, பதிந்த இடத்தோடு.

ஒரு மூலையில் மணல் தட்டில் ஓர் இரும்புக் குண்டு. கிணறு வெட்டும்போது கிடைத்தது, பல வருடம் வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது என்று அட்டை சொல்கிறது. அட்டையில் கிளைவ் பெயரும் இல்லை, ஹைதர் அலி பெயரும் இல்லை. கிடைத்த இடமும் கொடுத்த வீடும் மட்டும். இதற்காகவே இவர்களைப் பாராட்ட வேண்டும். ஏனென்றால் கதை கட்டுவதற்கு இந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. 1690-இல் செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களும் கோட்டையோடு சேர்த்தி என்பது ஒப்பந்தம். நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லை ஆனது. கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்றும் அதை நினைவுபடுத்துகிறது. பயிர் வைத்திருந்தவன், வீடு கட்டியிருந்தவன் ஒருவனிடமும் கேட்கவில்லை. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபின் சில வருடம் தென்னாட்டு ஆங்கிலேயருக்கு இந்தக் கோட்டைதான் தலைமை இடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துப்போட்டான். 1783-இல் மறுபடியும் கடலூரில் போர். வாழ்நாள் முழுக்கக் கல் நட்டு எல்லை காட்டியவன் என்பதால் அந்தக் குண்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எல்லைத் தகராறில் அரை அடிக்கு வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்த எனக்கு, பீரங்கியால் எல்லை போட்ட கதை சாதாரணமாகப் படவில்லை.

பானை ஓடுகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கருப்பு சிவப்பு ஓடுகள் இருபதுக்கு மேல், ஆற்றங்கரை மேட்டில் பொறுக்கியவை. இந்தப் பகுதியில் ஆற்றோரம் கால் வைத்த இடமெல்லாம் பழைய மண். வடக்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதுதான் ரோமாபுரிப் பானை ஓடுகளைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலக்கணக்கு கிடைத்தது. மேற்கே பண்ருட்டிப் பக்கம் மருங்கூரில் 2024-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. ஓடு எத்தனை அடி ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வயதே இருக்கிறது. இவர்கள் புல எண் குறித்திருக்கிறார்கள், சரி. ஆனால் பொறுக்காமலே இருந்திருக்கலாம். கிடந்த இடத்திலேயே ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு, ஓட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லியிருக்கலாம். சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். இப்போது பெட்டிக்கு மேல் "ஓடு கண்டால் எடுக்காதீர்கள், படம் எடுத்து எங்களிடம் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறது. ஒரு செம்புக் காசுக் குவியல் கிடைத்தபோது அதைத் தாசில்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, ரசீதையும் புகைப்படத்தையும் மட்டும் மாட்டியிருக்கிறார்கள். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர்ப்பக்கம் பலருக்கு இது தெரியாது. அந்த ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

வெளிச்சுவரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். தெற்குப் பக்கச் சுவரில் நீல வண்ணத்தில் இரண்டு கோடு. கீழ்க்கோடு 2015, மேல்கோடு 2024. பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரை புரண்டதே, அந்த டிசம்பர் தொடக்கத்து வெள்ளம். தரையிலிருந்து மேல்கோட்டுக்கு 4 அடி 2 அங்குலம், நானே அளந்தேன். அன்று ராத்திரி தண்ணீர் ஏறுகிறது என்றதும் இந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சாமானைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே ஓடிவந்து, ஓலைச்சுவடியையும் பத்திரங்களையும் பதிவேட்டையும் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்குப் போயிருக்கிறார்கள். பதிவேட்டை முதலில் எடுத்தோம் என்று அந்த சத்துணவு அக்கா சொன்னார். "சாமான் போனாலும் இன்னாருது, இங்க இருந்துச்சுன்னு எழுத்து இருக்கணும் இல்ல?" நான் பார்த்த ஆவணக் காப்பாளர்களில் இவரை முதல் வரிசையில் வைப்பேன்.

ஒரு முந்திரி மரத்தின் அடிக்கட்டைத் துண்டும் அங்கே நிற்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் சாய்ந்தது. அந்தக் காலையில் பண்ருட்டி வரைக்கும் பலாவும் முந்திரியும் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டையில் வேறு எதுவும் எழுதிவைக்கத் தேவையில்லை. தேதி மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இனி குறைகள். பிள்ளைகளிடம் நேரில் சொன்னவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதலாவது, லேமினேஷன். பத்திரங்கள், பழைய பள்ளிச் சான்றிதழ்கள், கல்யாணப் பத்திரிகைகள் என்று கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் லேமினேட் செய்துவிட்டார்கள். வெள்ளத்துக்குப் பயந்து செய்தது, மனசு புரிகிறது. ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். பழைய காகிதத்தில் இருக்கும் அமிலமும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு மஞ்சளித்துப் பொடியும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் துணியில் ஒட்டிய பழைய புலப்படங்களை இப்படித்தான் பாதுகாக்கிறோம் என்று லேமினேட் செய்தார்கள். சில வருடத்தில் கோடும் எண்ணும் மங்கி, உட்பிரிவு பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் போனது. அது நினைவுக்கு வந்ததால் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். ஒட்டாத பாலியெஸ்டர் உறையில், அமிலமில்லாத தாளுக்கு நடுவே, வெயில் படாத பெட்டியில் வையுங்கள், சுவரில் நகலை மாட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிரெஞ்சு முத்திரைப் பத்திரம் நல்லவேளையாக இன்னும் மிஷினுக்குள் போகவில்லை. சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுகிறார்கள், அது சரியான முறை.

இரண்டாவது, கடல் பக்கமும் ஆற்றுப் பக்கமும் இருக்கும் குப்பங்களிலிருந்து ஒரே ஒரு வலைத் துண்டுதான் இருக்கிறது. கிராமத்துக்கும் குப்பத்துக்கும் நெல்லும் கருவாடுமாக எத்தனை தலைமுறைக் கொடுக்கல் வாங்கல்! அது தனி வேலை, செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்தியது. முதல் முறை போனபோது காலனியிலிருந்து வந்த பொருள் என்று ஒரு பறை மட்டும் இருந்தது. ஊர்த்தெருப் பொருளுக்கெல்லாம் வீடு, பெயர், புல எண். பறைக்குக் கீழே "பறை" என்று ஒரே வார்த்தை. யார் அடித்தது, யார் தோல் கட்டியது, எந்த வீடு? நான் கேட்டதும் அந்தத் தம்பி தலைகுனிந்துவிட்டார். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி காலனியைச் சேர்ந்தவள், அவள்தான் பேசினாள். "பேர் கேட்டேன் சார். எதுக்குன்னு கேக்கறாங்க. எங்க ஆயாகிட்ட ஏதாச்சும் குடு ஆயான்னா, நம்ம வூட்டுல இன்னாடி இருக்கு காட்டன்னு சொல்லுது" என்றாள். முப்பத்தொரு வருடம் நிலம் அளந்தேன். பட்டாதாரர் பெயரை எழுதினேன், நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று எழுதினேன். நாற்று நட்டவர் பெயர் எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை, நானும் கேட்டதில்லை. அவளிடம் இதைச் சொன்னேன்.

மூன்றாம் முறை போனது ஆடியில். அந்தப் பெண் தன் ஆயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். எண்பது வயதுக்குக் குறையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார். சத்துணவு அக்கா போய், "வாங்கம்மா, ஒக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆயா உட்காரவில்லை. சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் மரக்கால்களுக்கு முன் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பூண் போட்ட இரண்டில் ஒன்றைத் தொட்டுப் பார்க்காமலே ஒதுக்கினார், மற்றதைத் தூக்கினார். உள்ளே கையை விட்டு அடியை விரல் முட்டியால் தட்டினார்.

"இது கூலிக்கு" என்றார். "அது குத்தகை அளக்க. இதுல அடியில ஒரு விரக்கடை தூக்கியிருக்கும். எங்க மாமியா எனக்குக் காட்டுச்சு. தெரியாத மாதிரி இருக்கணும்னு சொல்லுச்சு."

அந்த வீட்டுப் பேரன் பக்கத்தில்தான் இருந்தார். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேனாவை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, "ஆயா சொன்ன மாதிரியே எழுது. எங்க வூட்டுப் பேரும் இருக்கட்டும்" என்றார். அட்டை இப்போது மாறிவிட்டது. இரண்டு மரக்கால், எட்டுப் படி, ஏழேகால் படி, எது எதற்கு, சொன்னவர் பெயர், அவர் நட்ட கழனிகளின் புல எண்கள் வரிசையாக. அந்தப் புல எண்களை அ-பதிவேட்டில், அதாவது ஊரின் நில விவரப் பதிவேட்டில், பார்த்துக் கொடுத்தது நான். பறைக்கும் இப்போது பெயர் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். ஞாயிறு பத்தரைக்குள் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் தகரக் கொட்டகை கொதிக்கும். குடிதண்ணீர் வைத்திருக்கிறார்கள். கழிப்பறை பக்கத்துப் பள்ளியில்தான், ஞாயிறன்று சாவி வாங்க வேண்டும். பெண்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் திறந்துவைப்பார்கள். வீல்சேருக்குச் சரிவுப் பாதை இல்லை, வாசலில் இரண்டு படி. குழந்தைகள் எதையும் தொடலாம், சுவடியையும் பத்திரத்தையும் தவிர. முழுதாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம். ஹெட்போனில் எல்லாவற்றையும் கேட்பதென்றால் ஒரு காலைப்பொழுது வேண்டும். உண்டியலில் போடுவதை விட உறையும் அட்டைப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். திரும்பும்போது நேரம் இருந்தால் மஞ்சக்குப்பத்தில் அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஐந்தாம் முறை வரும் ஞாயிறு போகிறேன். என்னிடம் இருக்கும் குறுக்குக் கட்டையை, செங்கோணம் பார்க்கும் அந்தப் பழைய மரக்கட்டையை, கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அட்டைக்கு வேண்டிய நான்கு வரியையும் எழுதிவைத்துவிட்டேன். கடைசியாக வைத்த இடத்தின் புல எண்தான் எனக்குச் சந்தேகம். செயின்மேனுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும், அவருக்கு நினைவிருக்கும்.